சாவி கவ்விய கொக்கு

திண்டிவனம் முன்சீப் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் சவுரிராயனின் பேனாக் கடை இருந்தது. கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, தலைக்கு மேலே தகரம். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் வக்கீல்களே வந்து கை கட்டாத குறையாக நின்றார்கள். உலகச் சண்டை வந்து சீமைப் பேனா இறங்குவது நின்றுபோனதிலிருந்து, பெட்டியில் கிடந்த பழைய பேனாவுக்கெல்லாம் புது மாப்பிள்ளை மவுசு வந்துவிட்டது. எது அசல், எது முத்திரை மட்டும் குத்திய போலி என்று பார்த்துச் சொல்ல அந்தச் சுற்று வட்டாரத்தில் சவுரிராயனை விட்டால் ஆள் கிடையாது.

இங்கிலீஷில் அவருக்குத் தன் கையெழுத்தைப் போட மட்டும்தான் தெரியும். அதனால் பேனாவில் வெட்டியிருக்கும் எழுத்தை அவர் பார்ப்பதே இல்லை, சின்னத்தைத்தான் பார்ப்பார். "எழுத்த எவன் வேணா வெட்டுவான். படம் வெட்டறதுக்குக் கை வேணும்" என்பார். பிறகு பேனாவின் உடம்பைத் துணியில் பரபரவென்று தேய்த்து மோந்து பார்ப்பார். நல்ல ரப்பரில் செய்ததென்றால் கந்தக வாடை வரும். கடைசியாக நிப்பு. அதையும் பார்த்துவிட்டு விலை சொல்வார். சொன்னால் சொன்னதுதான், பேரம் கிடையாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எழுதி முடித்ததும் நிப்பைத் துடைக்காமல் பேனாவைக் கீழே வைக்க மாட்டார். துடைக்காமல் வைக்கிறவர்களைக் கண்டால் வக்கீல் என்றும் பாராமல், "சாப்ட்டா வாய் கழுவ மாட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், உச்சி வெயில் நேரத்தில், பெருமுக்கல்லிலிருந்து அம்சா என்ற பெண் நடந்தே வந்து அந்த மேசைக்கு முன்னால் நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இராது. நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மூடியின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு. அதன் அலகில் ஒரு சாவி.

சவுரிராயனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. இந்த இருபது வருஷத் தொழிலில் அந்தக் கொக்கை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். முப்பத்தொன்பதில், அரும்பு மீசை வைத்த ஒரு வாலிபன், மை ஒழுகுகிறது என்று கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ரப்பர்ப் பை இற்றுப் போயிருந்தது. ரெண்டு நாளில் வா என்று அனுப்பிவிட்டு, அந்த நிப்பைச் சும்மா காகிதத்தில் வைத்துப் பார்த்தார். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, தானாக ஓடியது. சுத்தத் தங்க நிப்பு, அதிலும் குட்டியாக அதே கொக்கு. அதை எடுத்துக்கொண்டு முலாம் பூசிய பித்தளை நிப்பு ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார். வேலியே பயிரை மேய்ந்தது. விற்றிருந்தால்தான் திருட்டு, தானே வைத்து எழுதினால் வெறும் ஆசைதான் என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். எதிரிலேயே கோர்ட் இருந்தும் அந்தத் தீர்ப்புக்கு மேல் விசாரணை நடக்கவில்லை. நிப்பு இப்போது அவருடைய சொந்தப் பேனாவில், சட்டைப் பையில் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரோடதுங்க" என்றாள் அம்சா. "கல்யாணத்துக்கு எங்கப்பாரு வாங்கிக் குடுத்தாரு. மல்லாட்டை போடற அரைக் காணி நெலத்த வித்துட்டு, புதுச்சேரிக்குப் போய் வாங்கியாந்தாரு. படிச்ச மாப்ளைய வெறுங்கையோட ரங்கூனுக்கு அனுப்பக்கூடாதுன்னு சொல்லிக்கினு."

"அவரு எங்க இப்ப?" என்று கேட்டார் சவுரிராயன். அவள் நெற்றியைப் பார்த்த பிறகும் கேட்டார்.

அவள் சொன்னாள். கண்ணையன் ரங்கூனில் அரிசி மில் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரே துறைமுகத்துக்கு ஓடியது. கப்பலில் இடமில்லை. பெறுமானமுள்ள பொருள் கொடுத்தால் ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு தரகன் சொன்னான். கண்ணையனும் கூட இருந்த ஊர்க்காரன் பச்சைமுத்துவும் அவனிடம் இந்தப் பேனாவை நீட்டினார்கள். தரகன் விவரம் தெரிந்த ஒருவனிடம் காட்டினான். அவன் நிப்பை நகத்தால் சுரண்டினான், முலாம் உரிந்து பித்தளை தெரிந்தது. மூடியில் கொக்கு இருக்கிறது, நிப்பில் இல்லை, மொத்தமும் போலி என்று தூக்கிப் போட்டுவிட்டான். கப்பல் புறப்பட்டுப் போனது. இரண்டு பேரும் மலை வழியாக நடந்தார்கள். ஒன்பதாம் நாள் கண்ணையனுக்கு வாந்திபேதி கண்டது. பச்சைமுத்து மட்டும் எப்படியோ விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்கினான், மடியில் இந்தப் பேனாவோடு.

"சாவறப்ப இன்னா சொன்னாராம் தெரியுங்களா?" அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "'மாமா என்னை இப்படி ஏமாத்திட்டாரே'ன்னாராம். அத்த அப்படியே வந்து ஊர்ல சொல்லிட்டான். திருவாமாத்தூர்ல எங்க மாமியாரு, போலிப் பேனா குடுத்து எம் புள்ளையக் கொன்னுட்டான்னு பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க. எங்கப்பாரு சொவத்தப் பாத்துப் படுத்தவரு எழுந்திருக்கலீங்க. கேப்பைக் கூழ் அரைக் கிண்ணம்கூட எறங்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. 'கொக்கு இருந்துச்சில்ல, அம்சா?'"

சவுரிராயன் துடைக்கிற துணியை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இருந்துச்சிங்க. நான் பாத்தேன். புதுசுல, மை தொடறதுக்கு முன்னால. நிப்புலயும் இதே கொக்கு. மை பட்டப்புறம் யாருங்க அத்தப் பாக்கறாங்க? நான் சொன்னா, அப்பனுக்குப் பரிஞ்சு பேசறான்னு தள்றாங்க. நீங்க சொன்னா அப்பீல் கிடையாதாமே."

அவர் பேனாவை எடுத்தார். சின்னத்தைப் பார்த்தார், தேய்த்தார், மோந்தார். எல்லாவற்றையும் தேவைக்கு மேல் மெதுவாகச் செய்தார். நிப்பில் முலாம் உரிந்த இடத்தில் ரங்கூன்காரனின் நகக்கீறல் தெரிந்தது. அது தான் போட்ட நிப்புதான் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரியும்.

"நடுவுல எங்கியாவது ரிப்பேருக்குக் குடுத்தாரா?"

"எனக்குத் தெரியாதுங்க."

அவருக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு மூச்சைப்போல் கேவலமான மூச்சை அவர் தன் ஆயுளில் விட்டதில்லை, அது அவருக்கே தெரிந்தது.

"பேனா அசல்தாம்மா" என்றார். "உங்கப்பா ஏமாத்தல. ரங்கூன்ல எவனோ நிப்ப மட்டும் மாத்தியிருக்கான்."

அம்சா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நல்ல நிப்போட இருந்திருந்தா இன்னா விலைங்க போவும்?" என்று கேட்டாள்.

விலை கேட்டால் சொல்லிப் பழகிய வாய். "எம்பது ரூபா. சண்டைக் காலம், நூறே போவும்."

"அப்ப ரெண்டு பேருமே கப்பல் ஏறியிருக்கலாம்" என்றாள்.

சவுரிராயன் பேனாவையும் மூடியையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப சொன்னத ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. எங்கப்பாருக்குப் படிக்கத் தெரியும்."

இது சுலபமான காரியமாகத்தான் அவருக்குப் பட்டது. காகிதத்தை இழுத்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், எழுதினார். அவள் அப்பா பெயரைக் கேட்டுக்கொண்டு, பெருமுக்கல் விருத்தாசலம் வாங்கிய பேனா அசல் என்றும், நிப்பு ரங்கூனில் மாற்றப்பட்டது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்கிற மாதிரியே, துணியை எடுத்து நிப்பைச் சுத்தமாகத் துடைத்துப் பேனாவை மேசைமேல் வைத்தார்.

தகரத்தின் ஓட்டை வழியே விழுந்த வெயிலில் நிப்பு பளிச்சென்று இருந்தது.

அம்சா காகிதத்துக்காகக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். எழுத்து தெரியாதவள்தான், ஆனால் படம் தெரியும். தன் பேனாவின் மூடியை எடுத்து அந்த நிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கால், அலகு, சாவி. திண்டிவனத்துக்கே எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்திருந்தாரோ, அப்படியே பார்த்தாள்.

இதே மாதிரி இன்னொரு பேனா எனக்கும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொக்கு உலகத்தில் ஒன்றுதானா? பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், அது அங்கேயே நின்றுவிட்டது.

"எப்பங்க?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

"ரங்கூனுக்குப் போறதுக்கு முன்னால. ஆடி மாசம். ரப்பர்ப் பை மாத்தக் குடுத்தாரு."

"எதுக்குங்க பண்ணீங்க?"

அவர் யோசித்தார். வறுமை என்று சொல்ல முடியாது, அப்போது கடை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு வைத்தியம் என்று சொல்ல முடியாது, அவருக்குப் பிள்ளையே இல்லை. ஒரு உயிருக்கு ஈடாகச் சொல்லத் தக்க காரணம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

"நல்லா எழுதுச்சும்மா" என்றார்.

"அவருக்கும் நல்லாத்தான் எழுதியிருக்கும்" என்றாள் அம்சா.

கோர்ட் வாசலில் டவாலிச் சேவகன் யாரையோ மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "ரங்கூன்னு எழுதினீங்கல்ல, அத்த அடிச்சிட்டு உங்க பேரப் போடுங்க. எந்தக் கடைன்னும் போடுங்க. எங்கப்பாரு உசுரு இருக்கறப்பவே நான் கொண்டுபோய்ச் சேக்கணும்."

அவர் அடித்தார். அந்த நிப்பாலேயே தன் பெயரை எழுதினார், இந்த முறை தமிழில். அப்போதும் அது அழுத்தாமல்தான் ஓடியது. எழுதி முடித்ததும் நிப்பை உருவி, அவளுடைய பேனாவில் பொருத்தினார். விரலெல்லாம் மை. இரண்டு கையாலும் பேனாவை ஏந்தி நீட்டினார்.

"எடுத்துக்கம்மா. இப்ப இது முழு அசல்."

அம்சா அதைத் தொடவில்லை.

"இப்ப எதுக்குங்க?" என்றாள். "கப்பல்தான் போயிடுச்சே."

காகிதத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, பெருமுக்கல் போகிற சாலையில் வெயிலிலேயே நடந்தாள்.