பதினாலாம் நம்பர் பள்ளம்

ஷைனி டூல் டிராயருக்கு ஃபோம் வெட்டிப் போட்டதிலிருந்து பூமிகாவுக்கு வயிறு எரிந்தது. கறுப்பு ஃபோமில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் வடிவில் பள்ளம், அடியில் மஞ்சள். கும்மிடிப்பூண்டி கம்பெனி முழுக்க அதே பேச்சு. லைன் லீடர் வேலையோ இருவரில் ஒருவருக்குத்தான்.

மேனேஜர் பார்க்க வந்த அன்று, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து ஒளித்துவைத்தாள் பூமிகா. ‘பேந்தப் பேந்த முழிக்கட்டும்!’

மேனேஜர் டிராயரை இழுத்தார். கறுப்புக்கு நடுவில் மஞ்சள் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

"பதினாலு எங்கம்மா?"

ஷைனி குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். "காலைல இருந்துச்சு சார்..."

"தேடிக்கலாம். தொறந்த ஒடனே இன்னா இல்லன்னு தெரியுது பாரு, அதான் வேலை! இனி நீதான் லீடர். பூமிகா, மத்த டிராயருக்கெல்லாம் நீ வெட்டிக் குடு."

‘நானே தூக்கிக் குடுத்துட்டேனே!’ என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டே, பூமிகா ஃபோம் கத்தியை வாங்கிக்கொண்டாள்.