அரக்குப் பட்டுக் கயிறு

ஈரத்துணியால் அம்ருதவல்லியின் இடக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஹேமாம்புஜம், மணிக்கட்டுக்கு வந்ததும் நின்றாள். வெயில் பட்டுக் கறுத்த கையில் அங்கே மட்டும் வளையம் போல வெளுத்திருந்தது. துடைத்தால் போகிற வெளுப்பா அது? இருந்தும் இன்னொரு தரம் துடைத்தாள்.

"பிராணன் போனப்போ மணி என்ன இருக்கும்?" ரேழியிலிருந்து புரோகிதர் கேட்டார். "காலம்பறயே துவாதசி முடிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரிஞ்சாத்தான் வருஷா வருஷம் திதி பாக்க முடியும்."

அம்ருதவல்லியின் தம்பி சக்ரவர்த்தி தன் மனைவி ஹேமாம்புஜத்தைப் பார்த்தார். அவர் அந்த நேரத்தில் வரதர் கோயிலில் தீர்த்தத்துக்கு நின்றுகொண்டிருந்தார். "நீதானே ஆத்துல இருந்தே?"

"தளிகை உள்ளே அடுப்புகிட்ட இருந்தேன். மணி பாக்கலை."

"வீடு நிறைய வாட்சு. மணி தெரியலைங்கறேள்," என்றார் புரோகிதர். குத்திக் காட்டவேண்டும் என்று சொன்னவரில்லை. ஆனாலும் ஹேமாம்புஜத்துக்குச் சுருக்கென்றது.

சக்ரவர்த்தி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அக்கா கடைசியா ஏதாவது கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கலை."

பொய் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் குனிந்து துணியைப் பிழிந்தாள்.

அம்ருதவல்லிக்குப் பால்ய விவாகம். கழுத்தில் ஏறியது என்னவென்று தெரிந்துகொள்வதற்குள் இறங்கியும் விட்டது. சின்னக் காஞ்சிபுரத்துத் தெருவே முகம் சுளிக்க, அப்பா அவளைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சரானாள். கைக்கு வளையல் கூடாது, கழுத்துக்குச் சங்கிலி கூடாது என்று விதித்த பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் அதைக் கண்டார்களா என்ன? அந்த இடுக்கில் புகுந்துகொண்டாள் அம்ருதவல்லி.

வெள்ளைக்காரத் துரைசானிகள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலத்தில், அவர்கள் கழற்றிப் போட்டதெல்லாம் மவுண்ட் ரோடு ஏலக் கடைகளுக்கு வந்தது. வயிற்றுக்குப் போக மீந்த சம்பளத்தை அவள் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டினாள். தங்கத்தில் ஒன்று, பிளாட்டினத்தில் ஒன்று, முகப்பைச் சுற்றிப் பொடி வைரம் பதித்தது ஒன்று என்று சேர்ந்தன. எல்லாம் பெண்கள் கட்டுகிற சுவிஸ் கடிகாரங்கள். ஆண்கள் கடிகாரத்தை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அத்தனையிலும் அரியதற்குக் குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். தங்கத்தில் மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். சாவி கொடுக்கும் திருகு ஓரத்தில் இராமல் முதுகில் இருக்கும். காதோடு ஒட்டி வைத்தால்தான் ஓடுகிற சத்தம் கேட்கும்.

அறுபத்தேழாம் வருஷம் ரிடயராகித் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தபோது, அவள் கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தக் கடிகாரப் பெட்டியும்தான்.

"மணி பாக்க ஒண்ணு போறாதாக்கா?" என்று ஹேமாம்புஜம் ஒருநாள் கேட்டாள்.

"எல்லா நாளும் ஒரே மாதிரியாடி விடியறது?" என்று சிரித்தாள் அவள்.

ஹேமாம்புஜத்தின் மடி ஆசாரம் அந்தத் தெருவில் பெயர் பெற்றது. காக்கை உட்கார்ந்துவிட்டுப் போன கொடியில் கிடந்த புடவையை மறுபடி நனைக்கிறவள். தோல் வார் போட்ட சாமான் கூடத்தைத் தாண்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். கடிகாரப் பெட்டி ரேழி மாடத்துக்குப் போயிற்று. மாடத்துக்குக் கீழே செருப்புகள் கிடக்கும். அம்ருதவல்லி அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. தினமும் காலையில் ரேழிக்குப் போய், நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்து, அன்றைக்குப் பிடித்ததைக் கட்டிக்கொண்டு வருவாள். படுக்கையில் விழுந்த பிறகு அதுவும் நின்றது.

ஏகாதசிப் பட்டினியை முடிக்கிற பாரணை இன்று காலை துவாதசி முடிவதற்குள் ஆகவேண்டும். ஈரம் உலர்ந்த மடிப்புடவையும் கையில் அகத்திக்கீரையுமாகக் கூடத்தைக் கடந்தபோது அம்ருதவல்லி கூப்பிட்டாள்.

"ஹேமா, பெட்டியிலேருந்து குட்டியை எடுத்துண்டு வாயேன். காதுல வெச்சுக்கணும் போல இருக்கு. மேலே படாம என் கையில போட்டாப் போதும்."

"மடியா இருக்கேன்க்கா. தோலைத் தொட்டா மறுபடி குளிக்கணும். தளிகை ஆகட்டும்."

"இல்லடி, அதுல இப்போ..."

உள்ளே சாதம் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. ஹேமாம்புஜம் ஓடினாள். பொங்கியது என்னவோ வாஸ்தவம். ஆனால் கஞ்சியை வடித்த பிறகு கீரையையும் தாளித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததும் அவள்தான். பாரணைக்கு நேரமாகிறது என்பதைவிட, இந்த மனுஷிக்கு இந்த நிலையிலும் என்ன கடிகாரம் வேண்டியிருக்கிறது என்ற எரிச்சல்தான் கையைக் கட்டிப்போட்டது. வெளியே வந்தபோது அம்ருதவல்லியின் உள்ளங்கை மேல்நோக்கித் திறந்தபடி கிடந்தது.

"டீச்சரம்மா."

இப்போது வாசலில் ஒரு அழுகை கேட்டது. பிள்ளையார்பாளையத்துக் கங்கையம்மாள். வீட்டில் தறிக்காரர்களுக்குப் பட்டு முறுக்கித் தருகிறவள். அவள் மகளுக்கு அம்ருதவல்லி கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். உள்ளே வராமல் ரேழி ஓரத்திலேயே நின்று மூக்கைச் சிந்தினாள்.

"போன மாசம்கூட என்னாண்ட பேசிக்கினு இருந்தாங்களேம்மா. பட்டுல கயிறு முறுக்கினு வா கங்கான்னாங்க. நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. இங்கியே குந்திக்கினு எல்லா வாச்சுலயும் தோலை அவுத்துப் போட்டுட்டு பட்டுக் கயிறு கோத்துக் குடுத்தேன். மறுநாளே படுக்கையில விழுந்துட்டாங்க."

ஹேமாம்புஜம் நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"உங்களுக்காகத்தாம்மா. தம்பி பொண்டாட்டி மடிக்காரி, தோலு தொட மாட்டா, பட்டுன்னா மடிக்கு ஆவும், எனக்கு முடியாதப்ப அவதானே எடுத்துக் குடுக்கணும்னாங்க. உங்க கிட்ட சொல்லலியா?"

ஹேமாம்புஜம் ஈரத்துணியைக் கீழே போட்டாள். எழுந்து ரேழிக்குப் போனாள். இனி மடி என்ன, விழுப்பு என்ன? தீட்டு வந்து வீட்டையே சமமாக்கிவிட்டிருந்தது. மாடத்திலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தாள். இத்தனை நாளில் ஒரு தரம்கூட அதை அவள் திறந்து பார்த்ததில்லை. உள்ளே வரிசையாகக் கிடந்த கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் அரக்குப் பட்டில் மெல்லிய கயிறு. குட்டியின் கயிற்று முனையில் சின்னதாக ஒரு முடிச்சு. அவளுடைய மடிப்புடவையும் பட்டுதான். பட்டைத் தொட்டால் என்ன போயிருக்கும்? ஒன்றும் போயிருக்காது.

குட்டியின் முதுகில் திருகைத் தேடிக் கண்டுபிடித்துச் சாவி கொடுத்தாள். கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, திறந்து கிடந்த அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளுத்த வளையத்தின் மேல் கயிற்றைக் கட்டினாள்.

"என்ன பண்றே?" என்றார் சக்ரவர்த்தி.

"அக்கா கேட்டா."

"எதை?"

"இதைத்தான். காலம்பற. மடின்னு சொல்லிட்டேன்."

சக்ரவர்த்தி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தூக்குகிற நேரத்தில் புரோகிதர் மெதுவாகச் சொன்னார். "அதைக் கழட்டிடுங்கோம்மா. தங்கம் அவாளோட போகப்படாது."

முடிச்சு லேசில் அவிழவில்லை. அவிழ்த்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹேமாம்புஜம் தன் கையிலேயே கட்டிக்கொண்டாள். அம்ருதவல்லி தெருமுனை திரும்பி மறையும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள். பிறகு சாவுத் தீட்டுக்குத் தலைமுழுக ஒவ்வொருவராகக் கிணற்றடிக்கு வந்தார்கள்.

ஹேமாம்புஜம் தலையோடு ஊற்றிக்கொண்டாள். வலக்கையால் மொண்டு ஊற்றினாள். குட்டி கட்டியிருந்த இடக்கையைக் காதோரமாக உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"அதைக் கழட்டி வெச்சுட்டுக் குளியேன் ஹேமா," என்றாள் பக்கத்து வீட்டுக் காந்தா.

அவள் கழற்றவில்லை. இன்னொரு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டாள்.

"கை நனையலையே. குளிச்ச கணக்காகுமா?"

"பரவாயில்லை," என்றாள் ஹேமாம்புஜம். கையை இறக்காமல், ஈரப் புடவையோடு அப்படியே நின்றாள்.