எங்களுடையதல்லாத மூட்டைகள்

எண்பத்தெட்டாம் வருஷம் என் அண்ணன் அமலதாசுக்குக் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தது. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆட்டும் எங்கள் மில்லை அப்பா எங்கள் இரண்டு பேர் பேருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பாதி எனக்கு. ஆனால் ஒரு முடிவெடுக்க வேண்டும் என்றால் அந்தப் பாதி எங்கே போய் ஒளியும் என்று எனக்கே தெரியாது.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தருகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். புதுச்சேரிக்காரர், "கொஞ்ச நாள் உங்க மில்லுலயே உக்காந்து பாக்கறேன். அப்பறமா உங்களுக்குன்னே புரோகிராம் எழுதித் தர்றேன்" என்றார். மெட்ராஸ்காரர் ஃபிளாப்பியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கொள்முதல், இருப்பு, எண்ணெய் ஆட்டம், விற்பனை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதாம். போட்டால் மறுநாளே ஓடுமாம். திண்டிவனத்தில் ஒரு மோட்டார் சாமான் கடையில் அது ஓடுவதைக் காட்ட எங்களை அழைத்துப் போனார். திரையில் பச்சை எழுத்துகள் மளமளவென்று இறங்கின. அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சித்திரையில் சுற்றுப்பட்டு விவசாயிகள் விதை மல்லாட்டையை எங்கள் குடோனில் கொண்டு வந்து வைப்பார்கள். வீட்டில் வைத்தால் எலி விடாது. ஆடியில் மழை விழுந்ததும் எடுத்துப் போய் விதைப்பார்கள். வாடகை கிடையாது. அறுவடையானால் காயை எங்களுக்கே போடுவார்கள், அவ்வளவுதான்.

"அந்த மூட்டைங்கள இதுல எங்க போடறது?"

"உங்க குடோன்ல இருந்தா உங்க ஸ்டாக்தானே மேடம்?" என்று சிரித்தார் மெட்ராஸ்காரர்.

"அது எங்களுது இல்லிங்க."

"மேரி, சும்மா பேஜாரு பண்ணாத" என்றார் அண்ணன். "அந்த புதுச்சேரி ஆளு உக்காந்து பாத்துக்கினே இருப்பாரு. நமக்கு ஜல்தியா வேணும்."

அங்கேயே கை குலுக்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் புரோகிராமுக்கு ஒரு சட்டம் உண்டு: முதலில் வந்த சரக்குதான் முதலில் ஆட்டத்துக்குப் போக வேண்டும். குடோனில் எல்லாவற்றுக்கும் முதலில் வந்து கிடந்தது எது? விதை. ஆனியில் நான் ஒரு கல்யாணத்துக்காக வளவனூர் போயிருந்த அன்று கம்ப்யூட்டர் அந்த மூட்டைகளைக் கேட்டிருக்கிறது. மேஸ்திரி பெரியதம்பி மூட்டை வாயில் பூசியிருந்த மஞ்சளைக் காட்டி, "வெதைங்க இது" என்று தயங்கியிருக்கிறார். "கம்ப்யூட்டர்லயே வந்துட்ச்சி, கொட்டு" என்றிருக்கிறார் அண்ணன். நான் திரும்பி வந்தபோது எல்லாம் எண்ணெயாகி டின்னில் அடைத்தாயிற்று. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன, எண்ணெய் மறுபடி காயாகிவிடுமா?

ஆடி மழை விழுந்த மறுநாள் கெடாரிலிருந்து தையல்நாயகி வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாகப் பயிர் வைக்கிறவள். அண்ணன் அவளை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், அப்புறம் விஷயத்தைச் சொன்னார்.

"இங்க எவ்ளோ மல்லாட்டை கெடக்குது பாருங்கம்மா. வேணுங்கறத எடுத்துக்கினு போங்க."

"பத்து ஊரு காயி கலந்து கெடக்குது. எது மொளைக்கும், எது சொத்தைன்னு யாரு கண்டா? நான் ஒவ்வொரு காயா பொறுக்கி வச்ச வெத தம்பி அது."

"நாங்க வேணும்னு பண்ணலம்மா. கம்ப்யூட்டரு பண்ண தப்பு."

அவள் காபியைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து அண்ணனுக்கு நேராக வந்து நின்றாள்.

"நான் மூட்டைய கம்ப்யூட்டரு கையிலயா குடுத்தேன்? உங் கையிலதான குடுத்தேன்?"

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. நான் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. அவள் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அந்த ஆடியில் அவள் மல்லாட்டைக்குப் பதிலாக வீட்டில் இருந்த கேழ்வரகைத் தெளித்தாளாம். விஷயம் ஊர் ஊராகப் போய்விட்டது. அறுவடை மல்லாட்டை எல்லாம் வேறு மில்லுக்குப் போயிற்று. அடுத்த சித்திரையில் விதை என்று ஒரு மூட்டைகூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. குடோனில் பேருக்கு நாலு மூட்டை கிடந்தது. அண்ணன் போய் அதை எண்ணிவிட்டு வந்து திரை முன்னால் உட்கார்ந்தார். திரையிலும் நாலு என்றே இருந்தது.

"பாத்தியா மேரி" என்றார். "இப்பதான் ஸ்டாக்கு கரெக்டா வருது."