காது மடித்த டேப்

அந்த ஒர்க்‌ஷாப்பில் டேப் ஒட்டுவதற்கென்று ஒரு முறை இருந்தது. கறுப்பு டேப்பை ஒரு விரல் நீளம் இழுத்துப் பல்லால் கிழித்து, ஒரு முனையை மட்டும் உள்பக்கமாக மடித்துவிடுவான் எலக்ட்ரீஷியன். மடித்த இடம் ஒட்டாமல் சின்னக் காது போல நிற்கும். காதைப் பிடித்து இழுத்தால் டேப் முழுசாகக் கையோடு வந்துவிடும், நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். வேறு யாரும் இப்படிச் செய்து அவன் பார்த்ததில்லை. வீட்டிலும் இதே கதைதான். உடைந்த ரிமோட், கசியும் குழாய், கிழிந்த நோட்டு அட்டை, எதை எடுத்தாலும் ஒரு காது. “இந்த மனுஷன் என்னைக்காவது என் வாய்க்கும் டேப் ஒட்டுவாரு, அதுக்கும் காது வச்சிருப்பாரு” என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று மத்தியானம் அவள் சிரிக்கவில்லை. தன் அண்ணனின் காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்து, வாசல் வெளிச்சம் பின்கண்ணாடியில் விழும்படி ஷெட்டுக்குள் நிறுத்தினாள். அண்ணன் இறங்கி, காரைத் திரும்பியும் பார்க்காமல் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நாற்பது நாளாக அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. நாற்பது நாளுக்கு முன்னால், தூறல் போட்ட ஒரு சாயங்காலம், கிளைச் சாலைக்குத் திரும்பும்போது பின்னால் வந்த ஸ்கூட்டரை இடித்துவிட்டார். அதை ஓட்டி வந்த நர்ஸ் இன்னும் கண் திறக்கவில்லை.

“மாப்பிள்ளை, ஒரே ஒரு விஷயம்தான்” என்றார். “அந்த நடுக் கண்ணாடி வேலை செய்யுதா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க. நல்லா இருக்குன்னா நாளைக்கு வக்கீல்கிட்ட கையெழுத்துப் போட்டுடறேன்.”

“என்னன்னு மச்சான்?”

“கண்ணாடியைப் பாக்காமலே திரும்பிட்டேன்னு.”

“பாத்தேன்னு சொன்னியே அண்ணே” என்றாள் தங்கை.

“சொன்னேன். பக்கக் கண்ணாடியில ஒரே தண்ணி, நடுக் கண்ணாடியைப் பாத்துட்டுதான் திரும்பினேன். ரோடு காலியா இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு அங்கதானம்மா வந்துச்சு? எல்லாரும் பாக்கலை பாக்கலைன்னு சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.”

எல்லாரும் என்றால் யார்? முதலில் சொன்னவன் எலக்ட்ரீஷியன்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. விபத்து நடந்த மறுவாரம் வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது, “காரோட்டறவனுக்குப் பொடனியிலயும் கண்ணு வேணும். நம்ம மச்சானுக்கு மூஞ்சியில இருக்கறதே தகராறு” என்று ஒரு போடு போட்டான். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் மச்சானின் மகள் அப்பாவின் கார் சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

“பாத்துடலாம் மச்சான், இதென்ன பெரிய வேலை” என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மனைவியைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி டார்ச்சைக் கொடுத்தான். இந்த மாதிரிக் கண்ணாடிக்கு இரண்டு கண்கள் உண்டு. ஒன்று நம்மைப் பார்த்தபடி இருக்கும், பின்னால் வரும் வெளிச்சத்தை அளக்கும். இன்னொன்று கண்ணாடியின் முதுகில், ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். அது சொல்வதை வைத்துத்தான் பகலா இரவா என்று கண்ணாடிக்குத் தெரியும். இரவு என்றால், பின்னால் வருகிற லைட்டில் கண் கூசாதபடி தானாகவே இருட்டிக்கொள்ளும். பகலில் சோதிக்க வேண்டுமென்றால் முதுகுக் கண்ணை டேப்பால் மூடி ஏமாற்ற வேண்டும். பிறகு நம்மைப் பார்க்கும் கண்ணில் டார்ச் அடித்தால் கண்ணாடி கறுக்கும். டேப்பை எடுத்தால் தெளியும்.

சாவியைத் திருப்பினான். டார்ச் அடிக்கச் சொல்வதற்கு முன்பே கண்ணாடி மெல்ல நீலம் பாய்ந்து கறுத்தது. பின்சீட்டில் இருந்தவள் நிழலாகிப் போனாள். வாசலில் பட்டப்பகல் வெயில். முதுகுக் கண் செத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு கையைப் பின்னால் விட்டுத் தடவினான்.

கட்டைவிரலில் ஏதோ மெத்தென்று பட்டது. ஒரு சின்னக் காது.

அந்தக் கண்ணாடியை எட்டு மாதத்துக்கு முன்னால் மாட்டியவனே அவன்தான். பழசு உள்ளே திரவம் கசிந்து கொப்புளம் கட்டியிருந்தது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்தான். முதுகுக் கண்ணை மூடி, டார்ச் அடித்து, கறுக்கிறதா பார்த்தான். அப்போது யாரோ வந்தார்கள். அவன் ஒரு கதை சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், கார் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து மச்சான் போன் செய்து, “மாப்பிள்ளை, கண்ணாடி பகல்லயே நீலமா இருக்கே?” என்று கேட்டார். “அது ஆட்டோ கண்ணாடி மச்சான், அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்.” மச்சானும் பழகிக்கொண்டார். முன்கண்ணாடியின் மேல்விளிம்பே கறுப்பு, அதற்குப் பின்னால் கறுப்பு டேப்பை யார் பார்ப்பது? எட்டு மாதமாக அந்தக் கண்ணாடிக்குப் பொழுதே விடியவில்லை. தூறலில், சாம்பல் நிற மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் அதில் எப்படித் தெரிவாள்?

காதைப் பிடித்து இழுத்தான். முழுசாக வந்தது. கண்ணாடி தெளிந்தது. டேப்பை உருட்டி, கைக்குட்டையை எடுப்பதுபோல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எப்படி இவ்வளவு சுளுவாகக் கைவந்தது என்று அவனுக்கே பயமாக இருந்தது.

“என்ன மாப்பிள்ளை?”

“நல்லாத்தான் இருக்கு மச்சான்.”

ஸ்டூலில் இருந்தவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, வாதாடவில்லை. “சரி. அப்ப நான் பாக்கலை” என்றார். அதைக் கேட்டபோது எலக்ட்ரீஷியனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் முதுகுக் கண்ணின் மேல் டேப்பின் பசை சதுரமாகப் படிந்திருந்ததை விரல் சொன்னது. நாளைக்கு வக்கீல் வேறொரு ஆளை வைத்துச் சோதித்தால்?

“எதுக்கும் இதை மாத்திடலாம்” என்றான்.

“நல்லா இருக்கறதை எதுக்கு மாத்தணும்?” என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் அவள்.

“மனசுல ஒரு உறுத்தல் இருக்குல்ல.” யாருடைய மனசில் என்று அவன் சொல்லவில்லை.

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தான். பழைய கண்ணாடியின் ஒயர் பிளக்கைப் பிடுங்கி, திருகைத் தளர்த்தி, மேல்பக்கமாக நகர்த்திக் கழற்றினான். அதைத் துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடியில் வைத்தான். புதியதை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அதே குமிழில் இறக்கித் திருகினான், பிளக்கைச் செருகினான். வேலை சுத்தமாகத்தான் வந்தது. பாழாய்ப்போன வாய் மறுபடியும் திறந்துகொண்டது.

“மச்சான், வந்து உக்காருங்க. நீங்களே பாத்துக்கங்க, அப்பத்தான் நிம்மதி.”

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்து வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். அவன் மறுபக்கக் கதவு வழியாகக் குனிந்து, பேசிக்கொண்டே, பழக்கத்தில் டேப்பை இழுத்துப் பல்லால் கிழித்தான், முனையை மடித்தான், புதிய கண்ணாடியின் முதுகில் ஒட்டினான். வாசல் வெளிச்சமே போதுமாக இருந்தது. கண்ணாடி நீலம் பாய்ந்து கறுத்தது.

மச்சானின் கை மடியிலிருந்து எழுந்தது.

“இதுதான்” என்றார். “மாப்பிள்ளை, இதேதான். எட்டு மாசமா இப்படித்தான் இருந்துச்சு. நான் போன்ல கேட்டேனே.”

எலக்ட்ரீஷியன் டேப் சுருளைக் கீழே வைத்தான்.

“அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சும்மா.” அவர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். உதடு கோணி, வயசான குழந்தை மாதிரி அழுதார். “நான் பாத்தேன். நான் பாத்துட்டுத்தான் திரும்பினேன்.”

“எனக்குத் தெரியும் அண்ணே” என்றாள். பிறகு, “அதை எடுங்க” என்றாள் கணவனிடம்.

அவன் காதைப் பிடித்து இழுத்தான். கண்ணாடி மெல்ல வெளுத்து, அவள் முகம் அதில் தெளிந்தது. எவ்வளவு நேரமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே கையை நீட்டினாள். அவன் டேப்பை அதில் வைத்தான். நீட்டிய கை அப்படியே இருந்தது.

“இது இப்ப ஒட்டினது” என்றாள். “சட்டைப் பையில இருக்கறதையும் குடுங்க.”