றஜிதா வைத்த நண்டுக் கறி

தொண்டைமானாற்றில் றஜிதா சமைத்துப் படைத்தால் செத்தவர்கள் நேரில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் சமைத்து, படைத்து, அறையைச் சாத்திவைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மற்ற வீடுகளில் கதவைத் திறந்தால் சோறு அப்படியே இருக்கும். றஜிதா சமைத்த வீட்டில் ஆள் இருக்கும். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுத் தம்பிஐயா. சீனி வருத்தத்தில் போனவர், இனி யார் மறிப்பது என்று பாயாசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். "நல்லாயிருந்தது பிள்ளை" என்று சொல்லிக் கைகழுவி, வாசல் படலையடிக்குப் போவதற்குள் காணாமற் போனார். அன்று விழுந்தடித்து ஓடியவர்களே பிறகு தங்கள் வீட்டுக்கும் சமைக்க வரும்படி அவளைக் கேட்டு வந்தார்கள். வந்த செத்தவர்கள் ஒருவர்கூட 'நல்லாயிருந்தது' என்று சொல்லாமல் எழும்பியதில்லை, சொன்னபிறகு தங்கியதுமில்லை.

இறால் விலை ஏறியிருந்த வருஷம் றஜிதாவின் புருஷன் ஜெயசுதன் நெஞ்சுவலி வந்து இறந்தார். இரண்டு வள்ளம் வைத்திருந்தவர். கறி பிடிக்காவிட்டால் அவர் வீட்டில் தட்டுப் பறக்கும், பின்னால் கையும் வரும். ஊருக்கு இது தெரியாததல்ல, ஊர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, அவ்வளவுதான். செத்தவீடு முடிந்த இரவு றஜிதா கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள். விடிந்ததும், எட்டாம் நாள் அவருக்குப் படைக்கவேண்டிய எட்டுச் செலவு நினைவுக்கு வந்தது.

"மச்சாள், என்னாலை ஏலாது. நீங்களே சமையுங்கோ" என்று புருஷனின் தமக்கை மீனாம்பிகையிடம் கெஞ்சினாள்.

"ஊரிலை செத்ததுகளையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்டனி. என்ரை தம்பிக்கு மட்டும் ஏலாதோ?" என்று கேட்டுவிட்டு மீனாம்பிகை குசினிக்குள்ளேயே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் முகம் துடைத்த நேரம் பார்த்து றஜிதா நண்டுக் கறிக்கு உப்புப் போடாமல் விட்டாள். வாய்க்கு விளங்காத கறிக்கு அவர் ஏன் வரப்போகிறார் என்பது, பாவம், அவளுடைய எண்ணம்.

கதவைத் திறந்தபோது ஜெயசுதன் நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தார். "உப்பில்லை" என்றார். மீனாம்பிகை சந்தோஷத்தில் குலுங்கி அழுதாள். எல்லாரும் அவர் எழும்புவார் என்று காத்திருந்தார்கள். அவர் எழும்பவில்லை.

குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். அடுத்த நாள் றஜிதா உப்பு, புளி, உறைப்பு எல்லாம் அளவாகப் போட்டுச் சமைத்தாள். "கறி இறுகிப்போச்சு" என்றார். அதற்கடுத்த நாள் சொதி தண்ணியாம். உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் ஒருநாளும் நல்லாயிருக்கிறது என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வருஷம் முழுக்க அவர் ஒவ்வொரு நாளும் கறியில் ஏதோ ஒரு குறை சொன்னார்.

ஒருநாள் மத்தியானம், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

"நல்லாயிருக்கெண்டு ஒருக்காச் சொன்னா நீங்கள் போகலாம். எல்லாரும் அப்பிடித்தான் போனவை."

ஜெயசுதன் வாயைத் திறந்தார். உண்மையாகவே முயன்றார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. றஜிதா அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு சேலைகளைப் பையில் வைத்தாள்.

"எங்கை போறாய்?" என்று அவர் கேட்டார். குரல் நடுங்கியது. அவரோடு பேசும்போதெல்லாம் தன் குரல் அப்படித்தான் இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"உரும்பிராய்க்கு. அக்கா வீட்டை."

பஸ் புறப்பட்ட பிறகும் பயம் தெளியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். யாரும் வரவில்லை.

இப்போது மீனாம்பிகைதான் சமைக்கிறாள். போன ஆவணியில் நண்டுக் கறிக்குப் பக்குவம் கேட்டு உரும்பிராய்க்கு வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. றஜிதா தேத்தண்ணி கொடுத்தாள்.

"இனிப் போகாதேங்கோ மச்சாள். இஞ்சையே நில்லுங்கோ."

"மத்தியானத்துக்கு முதல் போகவேணும். தம்பி பசியோடை இருப்பான்" என்று மீனாம்பிகை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள்.