சமையற்காரன் இருந்த பக்கம்

2024 மே 13, திங்கட்கிழமை. இத்தாலியின் பலேர்மோவில், வியா மக்வேதா தெருவை ஒட்டிய பழைய மாளிகை ஒன்றில், பாரசீகக் கையெழுத்து நூலொன்றின் பக்கம் திருப்பப்பட்டது.

ஓவியத்தில் அதிகம் வெளிச்சம் படக்கூடாது என்பதால், கண்காட்சிக்கு வந்த நூலை ஒரே பக்கத்தில் மாதக்கணக்காகத் திறந்து வைப்பதில்லை. திருப்பிவிட்டால் பழைய பக்கத்துக்குப் பல வருடம் இருட்டுதான். அந்தக் கூடத்தில் காவலுக்கு நிற்கும் நிரோசினிக்கு இதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் தன் கணவன் கீர்த்திகன் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே போய்விடுவானே என்ற எண்ணம் போன வாரம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்து ஓவியத்தில், நாடிழந்த இளவரசன் ஒருவனுக்குக் கூடாரத்தில் விருந்து நடக்கிறது. மேலே நான்கு பத்திகளாக ஓடும் செய்யுள் இளவரசனை மட்டுமே பாடுகிறது. ஓவியரோ தன் பாட்டுக்குக் கீழ்மூலையில் ஒரு சமையற்காரனையும் வரைந்து வைத்திருக்கிறார். கன்னம் உப்ப அடுப்பை ஊதுகிறான், கண்ணில் புகை. கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகமொன்றில் சமைக்கும் கீர்த்திகனின் முகம் அப்படியே.

"போனிலை படமெடுத்துக் காட்டுமன்," என்றான் அவன்.

"எடுத்தனான். வானத்துப் பொன்னெல்லாம் மண் நிறமாத் தெரியுது. ஆள் அசைஞ்சு பாத்தால்தான் அது மினுங்கும். ஒருக்கா வாங்கோவன்."

உணவகத்துக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. கண்காட்சிக்கும் அன்றைக்குத்தான். கடைசியில் நிரோசினி, வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக, ஒரு சலுகை கேட்டாள். பக்கம் திருப்ப வரும் நூல் பராமரிப்பாளர் அகாத்தா சற்று யோசித்தார். "பத்து மணிக்கு முன் வரட்டும். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது," என்றார்.

பத்து மணி நெருங்கியும் அவனைக் காணவில்லை. அகாத்தா கைகளைக் கழுவித் துடைத்தாயிற்று. நிரோசினி வாசலுக்கு ஓடினாள். அவன் அங்கேதான் காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். கையில் ஒரு துணிப்பை.

"என்னப்பா இது?"

"கணவாய்க் கறி. அந்த அகாத்தா சிஞ்ஞோராவுக்கு."

"கையிலை ஒண்டும் கொண்டு வராதேங்கோ எண்டு சொன்னனான் எல்லே!"

"முதன்முதல் போறன், உதவி செய்யிற மனுசி. வெறுங்கையோடையே போறது? உமக்கு வெக்கமில்லை, எனக்கு இருக்கு."

"அப்ப வாசலிலை வையுங்கோ."

"வைக்கலாம். கடற்காகம் வந்து திண்டிட்டு, உப்புக் காணாதெண்டு சொல்லும்."

காவலாளி கையை விரித்தார். உணவு உள்ளே போகாது. தன் அறையிலும் வைக்க அனுமதி இல்லை.

"வீட்டை வைச்சிட்டு ஓடியாறன்."

"அதுக்குள்ளை பக்கம் போயிடும்," என்றாள் நிரோசினி.

தாமதம் ஏனென்று பார்க்க அகாத்தா இறங்கி வந்தார். பையை வாங்கினார், உள்ளிருந்த டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்தார், முற்றத்தில் நின்ற தன் காருக்குள் வைத்துப் பூட்டினார். விரலில் குழம்பு பட்டிருந்தது. மறுபடியும் கை கழுவப் போனார். அவர் திரும்பி வரும்வரை மேலே கூடத்தில் அந்தப் பக்கம் கீர்த்திகனுக்கு.

அவன் இடப்பக்கம் சாய்ந்தான், வலப்பக்கம் சாய்ந்தான். கூடாரத்தின் மேல் பொன் வானம் பற்றிக்கொண்டது போல மின்னியது.

"ஓம், மினுங்குது." பிறகு கீழ்மூலைக்குக் குனிந்தான். "தலைப்பாகையைப் பாருமன்! வேலையிலை எனக்குத் தந்தது கடதாசித் தொப்பி."

"முகத்தைப் பாருங்கோ."

பார்த்தான். "அங்கை விருந்து நடக்குது. இவன் சாப்பிட்டானோ தெரியாது."

"நீங்கள் சாப்பிட்டியளோ?"

"எங்கை? கறியோடை நிண்டன்."

நிரோசினி சிரித்துவிட்டாள்.

அகாத்தா வந்து பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி போன்ற மெல்லிய பட்டையால் அதை நிறுத்தினார். புதிய பக்கத்தில் படம் இல்லை. பொன் கோடுகளுக்கிடையே செய்யுள் மட்டும்.

மதியம் மூவரும் முற்றத்தில் பாண் ரொட்டியோடு கறியைச் சாப்பிட்டார்கள். அகாத்தாவுக்குக் காரம் உறைத்தது, ஆனாலும் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். டப்பா செவ்வாய்க்கிழமை கழுவித் திரும்பி வந்தது.