ஏழாம் பாரத்துக் காட்டேரி

அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பைண்டிங் கடையில் கை தாள் மடித்துக்கொண்டிருந்தது. மனசு வீட்டில் தங்கச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கி வந்து சேர்ந்தவளைத் திரும்பக் கூட்டிப்போக அவள் புருஷன் சாயங்காலம் வருகிறான். அவளும் பையைக் கட்டிவிட்டாள்.

"மாறிட்டேங்கிறாருக்கா" என்றாள். கன்னத்து வீக்கம் வடிவதற்குள் கோபம் வடிந்துவிட்டது.

மேசையில் இரண்டு புத்தகங்களின் தாள்கள். இரண்டுமே ரத்தக் காட்டேரிக் கதை. ஒன்று அந்தக் காலத்தது, மற்றது இந்தக் காலத்தது. முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகிய அக்கா, மடிக்கிற சாக்கில் இரண்டையும் துண்டு துண்டாகப் படித்திருந்தாள். பழையதில் அவன் குழியிலிருந்து எழுந்து வரும் பிணம். ஊதிப்போன உடம்பு, குடலைப் புரட்டும் நாற்றம். ஊரே கட்டையைத் தூக்கிக்கொண்டு துரத்தும். புதியதில் ராஜகுமாரன் மாதிரி இருக்கிறான். பசியை அடக்கிக்கொண்டு காதலியின் ஜன்னலடியில் கண்ணீர் விடுகிறான்.

"முன்னே நாறினான், இப்போ சென்ட் அடிச்சுக்கிட்டு வர்றான். பல்லு அதே பல்லுதானே?" என்று அக்கா ஒருநாள் கேட்க, வெட்டு மெஷின் ஓட்டும் கத்தி அண்ணன் சிரித்தார்.

"அடப்போம்மா, நாத்தத்தோட வந்தா எவ கதவைத் திறப்பா?"

இன்று அவர் சிரிக்கவில்லை. "ஏம்மா, கண்ணைப் பொடதியில வச்சுக்கிட்டா அடுக்கினே? புதுப் புத்தகத்துல பழசோட ஏழாம் பாரம் ஏறியிருக்கு!"

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். அடியில் பாரத்தின் எண் மட்டும் இருந்தது. எந்தப் புத்தகம் என்று அச்சகத்தார் போடவில்லை. அளவு ஒன்று, எழுத்து ஒன்று, இரண்டிலும் காட்டேரிக்குப் பெயர்கூடக் கிடையாது, அந்தப் பாரத்தில் நாற்றத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. கை தன் பாட்டுக்கு அடுக்கிவிட்டது.

புதுப் புத்தகத்தில் பசை கொட்டியதென்று கழித்த ஒரு பிரதியைத்தான் அக்கா தங்கச்சிக்குக் கொடுத்திருந்தாள். நேற்று பாதிவரை படித்துவிட்டு, "பாவம்க்கா இவன். உள்ளுக்குள்ள எப்படிப் போராடுறான்! அவரும் இப்படித்தான்" என்றாள் அவள். போகத் துடித்தவளுக்குத் தானே சாக்கு எடுத்துக் கொடுத்தது போலாகிவிட்டதே என்று அக்கா அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அவள் ஏழாம் பாரத்தில் இருப்பாள்.

வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தங்கச்சியின் முகம் பேயறைந்தது போலிருந்தது.

"கண்ணீர் விட்டுக்கிட்டு நின்னவன் அடுத்த பக்கத்துல ஒருத்தி கழுத்தைக் கிழிச்சுட்டான்க்கா. அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் மறுபடியும் பூவோட வந்து நிக்கிறான். இவன் காதலியும் சிரிக்கிறா. நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது."

"அது வந்துடி..."

"எங்க வீட்லயும் அப்படித்தான். ராத்திரி அறைவாரு. காலையில தலை வாரி விடுவாரு. ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். எழுதினவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

பேசாமல் இருந்தால் இவள் போகமாட்டாள், காரியம் ஆகிவிடும். அக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். பொய்யை நம்பி இவள் நின்றால், அதன் சாயம் வெளுக்கும் அன்றைக்குக் கிளம்பிவிடுவாளே!

"எழுதினவனுக்குத் தெரியாதுடி. நான்தான் தாளை மாத்தி அடுக்கிட்டேன். இந்தக் கதையில அவன் நல்லவன்தான்."

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும்."

தங்கச்சி புத்தகத்தை மூடி வைத்தாள். "அப்ப அந்த நல்லவன் வெறும் கதைதான்க்கா" என்றாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. கதவுக்கு அந்தப்பக்கம் தேனாய் ஒரு குரல். "கிளம்பலாமா?"

"நான் வரலை. நீங்க போங்க."

முதலில் கெஞ்சினான். பிறகு அழுதான். தங்கச்சியின் கை தாழ்ப்பாள் வரை போனது, அங்கேயே நின்றது. விரலால் தட்டிக்கொண்டிருந்தவன் இப்போது முஷ்டியால் குத்தினான். தங்கச்சி கையை இழுத்துக்கொண்டாள். அக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்; ஒவ்வொரு குத்தும் எலும்பில் இறங்கியது.

தங்கச்சி பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

"போயிட்டாராக்கா?"

"இன்னும் இல்லை. நீ எடுத்து வை."